நெடில் உள்ள அசைதான் கனமான அசையா?

கேள்வியில் இரண்டு விஷயம் கலந்துவிட்டது. குறில், நெடில் என்பது உயிரெழுத்தின் அளவு. கனம் அசை முழுவதற்கும், அதாவது ஓர் உயிரைச் சுற்றி ஒன்றாக ஒலிக்கும் துண்டு முழுவதற்கும் உரியது. நெடில் இருந்தால் அசை கனக்கும், சரி. ஆனால் குறிலோடு ஒற்று, அதாவது மெய்யெழுத்து, சேர்ந்தாலும் கனக்கும்.

பள்ளியில் செய்யுளை அசை பிரித்து அலகிடக் கற்றபோது எனக்கும் இதே குழப்பம்தான். மாத்திரையைக் கூட்டிப் பார்த்தேன்: கல் 1½, கா 2, கால் 2½. செய்யுள் இலக்கணமான யாப்பிலோ மூன்றும் ஒரே வகை, நேரசை! மாத்திரைக் கூட்டல் வேறு, அசையின் கனம் வேறு என்று புரிய வெகுநாள் ஆனது. (தனிக்குறிலும் நேரசையாகும் என்பது வேறு தலைவலி, அதை இங்கே இழுக்கவில்லை.)

எனக்குத் தெளிவு வந்தது யாப்பால் அல்ல, சொல்லோடு சொல் சேரும் புணர்ச்சியால். காசு + இல்லை = காசில்லை; உகரம் போய்விட்டது. பசு + இல்லை = பசுவில்லை; உகரம் அசையவில்லை. இது நெடில் செய்த வேலை என்று நினைத்தால், பட்டு + ஆடை = பட்டாடை என்பதிலும் உகரம் போகிறது, ‘பட்டு’ என்ற சொல்லிலோ நெடிலே இல்லை. ‘பட்’ என்று ஒற்றால் மூடிய அசை ‘கா’வுக்குச் சமமாக நடக்கிறது. வரகு + அரிசி = வரகரிசி இன்னும் சுவையானது: இரண்டு இலேசான அசைகள் சேர்ந்து ஒரு கனத்த அசையின் வேலையைச் செய்கின்றன. கடைசி உகரம் குறுகி, உயிர் வந்தால் மறைய, முன்னால் அந்த அளவு கனமாவது வேண்டும்.

கல் + இல்லை = கல்லில்லை, ஆனால் கால் + இல்லை = காலில்லை. இரட்டிக்காவிட்டால் லகரம் அடுத்த அசைக்குப் போய்விடும். ‘க’ இலேசாகி நிற்கும். ‘கா’வுக்கு அந்தக் கவலை கிடையாது.

வடமொழி இலக்கணம் உயிருக்கு ஹ்ரஸ்வம், தீர்க்கம் என்றும் அசைக்கு லகு, குரு என்றும் தனித்தனிப் பெயர் வைத்துத் தப்பித்தது. லத்தீன் மரபு ஒற்றால் மூடிய குறில் அசையையும் ‘இடத்தால் நெடில்’ என்றதால் குழப்பம் அங்கேயும் உண்டு. அந்த உயிர் உண்மையில் நீள்வதில்லை. ஜப்பானிய மொழியிலோ ‘நிப்பொன்’ இரண்டே அசை, ஆனால் செய்யுளில் நான்கு அலகு (நி-ப்-பொ-ன்).

தனிச் சொல்லாக நிற்கவும் கனம் வேண்டும் போலும்: நன்னூல் சொல்லும் ஓரெழுத்து ஒருமொழிகள், அதாவது ஒரே எழுத்தாலான சொற்கள், 42. அவற்றில் 40 நெடில். குறிலாக இருப்பவை நொ, து இரண்டுதான். அவற்றையும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.