சராசரிக்குள் மறைவது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொதுச் சுகாதாரத் திட்டங்களைச் சராசரியை மட்டும் வைத்து மதிப்பிடக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். நான் பத்தாண்டுகளாகத் தடுப்பூசிப் பணியில் இருக்கிறேன். எங்கள் பகுதியில் குழந்தை இறப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. ஏழைக் குழந்தைகளும்தான் பிழைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்மை கிடைத்திருக்கும்போது யாருக்குக் கூடுதல், யாருக்குக் குறைவு என்று பார்ப்பது நல்ல பணியில் குறை தேடுவதாகாதா? பார்த்தே ஆக வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

ஒரு சுகாதாரப் பணியாளர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் உழைப்பால் பிழைத்த குழந்தைகளை எந்தக் கணக்கும் சிறுமைப்படுத்தாது. இருந்தாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பிறப்புக்கு ஏழைகளிடையே 80 ஆக இருந்த இறப்பு 50 ஆகவும், வசதியுள்ளவர்களிடையே 20 ஆக இருந்தது 10 ஆகவும் குறைந்ததாக வைத்துக்கொள்வோம். இடைவெளி 60இலிருந்து 40 ஆகச் சுருங்கியது என்று ஒருவர் சொல்லலாம். நான்கு மடங்கு வித்தியாசம் ஐந்து மடங்காகிவிட்டது என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டுமே உண்மை. ஒன்றை மட்டும் சொல்லும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

வேல்ஸில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதினார். பிரேசிலின் சீசர் விக்டோராவும் அவருடைய சகாக்களும் 2000இல் இதன் காலப்போக்கை விளக்கினார்கள்: புதிய திட்டம் முதலில் வசதியுள்ளவர்களையே சென்றடைவதால் தொடக்கத்தில் ஏற்றத்தாழ்வு கூடுகிறது, அவர்கள் மேற்கொண்டு பெற அதிகமில்லை என்ற நிலையை எட்டிய பிறகே ஏழைகள் நெருங்கி வருகிறார்கள். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் இறப்பவை பெரும்பாலும் ஏழைக் குழந்தைகள் என்பதால்தான், போகப் போகச் சரியாகிவிடும் என்ற சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு தடுப்பூசி முகாமில் நான் கண்டதைச் சொல்கிறேன். தட்டம்மைத் தடுப்பூசிக் குப்பி ஒன்றில் பத்துக் குழந்தைகளுக்கான மருந்து இருந்தது. கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது. அன்று வந்திருந்தவை மூன்றே குழந்தைகள். மருந்து வீணானால் மேலிடத்தில் கேள்வி வரும் என்று அஞ்சிய செவிலியர், குப்பியைத் திறக்காமல் அடுத்த வாரம் வரச் சொன்னார். இரண்டு தாய்மார்கள் தலையசைத்தார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்த மூன்றாமவர், அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நடந்தார். அடுத்த வாரம் பதிவேட்டில் அந்தக் குழந்தையின் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று எழுதப்பட்டது. ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாட்டின் முழுச் சுமையும் யார் தலையில் விழுந்தது என்பதை எந்தச் சராசரியும் காட்டாது. உப்பில் அயோடின் சேர்ப்பது போன்ற ஏற்பாடுகள் மக்களின் நேரத்தையும் கூலியையும் இப்படிக் கேட்பதில்லை. அதனால்தான் அவை பெரும்பாலும் எல்லோரையும் எட்டுகின்றன.

ஆகவே, உங்கள் பதிவேட்டில் 'வரவில்லை' என்று இருக்கும் பெயர்களிலிருந்து தொடங்குங்கள். வீட்டின் தூரம், தாயின் படிப்பு, குடும்பத்தின் தொழில் ஆகியவற்றைக் கொண்டு அவர்களைப் பிரித்துப் பாருங்கள். முடிந்தால் சிலரது வீட்டுக்கே போய், அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். இறப்புகளைப் பிரித்துப் பார்க்கும்போது மட்டும் மூன்று, நான்கு ஆண்டுகளை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறிய பகுதியில் ஓராண்டில் இரண்டு இறப்புகள் கூடினாலும் குறைந்தாலும் அது பெரிய மாற்றம்போலத் தோன்றிவிடும்.