18 முடிந்த மறுநாள் எங்கே படுப்பான்?

குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து வெளியே வருகிற பிள்ளைகளைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில.

எங்கள் இல்லத்தில் இருக்கும் பையனுக்கு ஆகஸ்டில் 18 முடிகிறது. சொந்தம் என்று யாரும் இல்லை. என்னென்ன செய்து வைக்க வேண்டும்?
— இல்லக் கண்காணிப்பாளர், விழுப்புரம்

வெளியேறுவதற்கு 2 மாதம் முன்பே அவனுடைய பிற்காப்புத் திட்டம், அதாவது இல்லத்தைவிட்டுப் போன பிறகு அவனுக்குத் தேவையான ஆதரவுக்கான திட்டம், இல்லப் பிள்ளைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவிடம் போயிருக்க வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டு இளைஞர் நீதி மாதிரி விதிகள். அது கடைசிக் கெடுதான். ப்ளஸ் ஒன் சேரும்போதே தொடங்கினால்தான் வேலை முடியும். படிவம் 7, அதாவது தனிநபர் பராமரிப்புத் திட்டம், பல இல்லங்களில் ஆய்வுக்கு ஆள் வரும் வாரத்தில்தான் அவசரமாக நிரப்பப்படுகிறது. அதில் ‘தொழிற்பயிற்சி பெற விருப்பம்’ என்று எழுதியிருந்தால் பயனில்லை. எந்த ஐடிஐ, என்ன டிரேடு, விடுதி உண்டா, இல்லையென்றால் எங்கே தங்குவான் என்பதெல்லாம் இருக்க வேண்டும்.

காகிதங்களில் முதலில் ஆதாரைப் பாருங்கள். 15 வயதுக்குப் பிறகு கைரேகை புதுப்பித்தாயிற்றா? அதில் இருக்கும் போன் நம்பர் யாருடையது? பெரும்பாலும் வார்டனுடையதாக இருக்கும். பையன் திருப்பூரில் வங்கிக் கவுன்டரில் நிற்பான், ஓடிபி விழுப்புரத்தில் மீட்டிங்கில் இருக்கிற உங்கள் போனுக்கு வரும். 18 முடிந்ததும் முதல் வேலை அவன் பெயரில் ஒரு சிம். அடுத்து, அந்த நம்பரை ஆதாரில் சேர்ப்பது. மூன்றாவது வங்கி. மைனர் கணக்கை மேஜர் கணக்காக மாற்ற அவனே நேரில் போய்ப் புதுக் கையெழுத்தும் கேஒய்சியும் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் கணக்கு முடங்கும். பிற்காப்பு உதவித்தொகை நேரடியாக அவன் கணக்கில்தான் விழும் என்பதால் அதுவும் நின்றுபோகும். இந்த வரிசையை மாற்றினால் ஒரே கவுன்டருக்கு மூன்று தடவை நடக்க வேண்டும்.

சாதிச் சான்று இல்லையா? 10 வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு ஆளில்லாமல், அரசு அல்லது அரசு அங்கீகரித்த இல்லத்தில் சேர்ந்த பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சேர்க்கைப் பதிவேடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள் என்கிறார்களே, அதில் ஒருவர் தனியாக வாழ முடியுமா?
— கல்லூரி மாணவர், மதுரை

முடியாது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் வழிகாட்டுதலில் பிற்காப்புக்கு ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய். வாடகையும் சாப்பாடும் சேர்ந்தால் மாதம் பாதியிலேயே அது கரைந்துவிடும், அட்வான்ஸுக்கு ஒன்றுமே மிஞ்சாது. 6 முதல் 8 பேர் சேர்ந்து தங்கும் குழு வீட்டுக்கு மேலே சொன்ன 2016 மாதிரி விதிகளில் இடமிருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அப்படி ஒன்று உண்டா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். இல்லையென்றால், ஏற்கெனவே வெளியே வந்து நிலைத்த சீனியர்களின் அறையில் ஒரு பங்கு எடுப்பதுதான் நடைமுறையில் கைகொடுக்கிறது. முதல் சம்பளம் வரப் பெரும்பாலும் ஒன்றரை மாதம் ஆகும் என்பதைக் கணக்கில் வையுங்கள். அந்த 45 நாள் சாப்பாட்டுக்குப் பணம் எங்கிருந்து என்று திட்டத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்.

இல்லத்தில் வளர்ந்த 19 வயதுப் பெண். மில்லில் வேலை போனதும் மில் விடுதியையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இனி அரசு உதவி கிடைக்காதா?
— தன்னார்வலர், கோவை

கிடைக்கும். பிற்காப்பு 21 வயது வரை உண்டு, விதிவிலக்கான சூழலில் மேலும் 2 வருடம். இல்லத்திலிருந்து வெளியேறிய உத்தரவின் நகலோடு, அவள் இருந்த மாவட்டத்தின் அலகில் மனு கொடுங்கள். இன்றைக்குத் தலைசாய்க்க இடம் வேண்டுமென்றால் பெண்கள் உதவி எண் 181. குழந்தைகளுக்கான 1098 இவள் வயதுக்குப் பொருந்தாது.

உங்கள் கேள்வியில் இருக்கிற சிக்கல்தான் எங்கும் இருப்பது. மில், ஹோட்டல், செக்யூரிட்டி என்று எங்கே போனாலும் ‘தங்குமிடம், சாப்பாடு இலவசம்’ என்றதும் வேலையில் சேர்த்துவிட்டு ஃபைலை மூடிவிடுகிறோம். சூப்பர்வைசரோடு ஒரு சண்டை வந்தால் சம்பளமும் படுக்கையும் ஒரே நாளில் போகும். விடுதியோடு வரும் வேலையை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. இது போனால் முதல் மூன்று நாள் யார் வீட்டில் என்பதை, அந்த வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, பெயரும் நம்பருமாக எழுதி வைத்துவிட்டு அனுப்புங்கள்.

வெளியே போன பிள்ளைக்கு, அவனைக் கவனிக்கும் கேஸ் வொர்க்கர் வாரம் ஒரு போன் செய்தால் போதாதா?
— சமூகப்பணி மாணவி, திருச்சி

முதல் மூன்று மாதம் போதாது. முதல் வாரத்தில் தினமும் பேச வேண்டும், முதல் மாதத்தில் இரண்டு முறையாவது அறைக்கே போய்ப் பார்க்க வேண்டும். போனில் எல்லாப் பிள்ளைகளும் “நல்லா இருக்கேன் அக்கா” என்றுதான் சொல்வார்கள். பை பிரிக்காமல் மூலையில் இருக்கிறதா, பாய் யாருடையது, செருப்பு எங்கே கிடக்கிறது என்பது நேரில்தான் தெரியும். நம்பர் அடிக்கடி மாறினாலும், அட்வான்ஸ் சம்பளம் கேட்டாலும் அறை கையைவிட்டுப் போகப்போகிறது என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்புங்கள்.

எங்கள் இல்லத்துப் பையனை அம்மா வீட்டுக்கே அனுப்பினோம். மூன்றே வாரத்தில் ஓடி வந்துவிட்டான்.
— இல்லப் பணியாளர், தஞ்சாவூர்

பொங்கலுக்கு 2 நாள், மே விடுமுறையில் 10 நாள் என்று முன்பே அனுப்பிப் பார்த்திருக்க வேண்டும். அந்த வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று அலகின் சமூகப் பணியாளரை நேரில் போய்ப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். மறுபடி அனுப்புவதை அதன் பிறகு பேசலாம், அதுவரை அவன் பெயரில் பிற்காப்பு மனு ஒன்றைக் கொடுத்து வையுங்கள்.