பட்டறை கேள்வி – பதில்: ஸ்பிரே கன்னும் மாஸ்க்கும்

டிங்கரிங் பட்டறையை ஒட்டியே பெயின்டிங்கும் ஆரம்பிச்சிருக்கோம்ங்க. 2 எச்.பி. கம்ப்ரசர் இருக்குது. புதுசா எச்.வி.எல்.பி. கன் வாங்கினோம். ஒரு டோர் அடிக்கறதுக்குள்ள காத்து இறங்கிடுது. கடைசியா மேல அடிக்கற கிளியர் கோட் ஆரஞ்சுத் தோலாட்டம் நிக்குது. கன்னை மாத்தோணுங்களா?
– வாசகர், காங்கேயம்

கன்னில் குறை இல்லை. அது கேட்கிற காற்றை உங்கள் கம்ப்ரசரால் கொடுக்க முடியவில்லை. எச்.வி.எல்.பி. (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) கன் முனையில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.யைத் தாண்டாது, ஆனால் நிமிடத்துக்கு 10 முதல் 15 கன அடி காற்றை இழுக்கும். கம்ப்ரசரோ ஒரு எச்.பி.க்கு 3, 4 கன அடிதான் தரும். உங்களுடையதில் 7 கன அடி கிடைத்தால் பெரிது. காற்று குறைந்ததும் பெயின்ட் பொடிப்பொடியாக உடையாமல் பெரிய துளியாக விழுகிறது. அதுதான் தோல் தோலாக நிற்கிறது.

கம்ப்ரசர் வாங்கும்போது தட்டில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பல நேரம் அது பிஸ்டன் டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது பிஸ்டன் நகரும் இடத்தை வைத்துப் போட்ட கணக்கு. வெளியே வரும் காற்று அதில் கால் பங்குக்கு மேலேயே குறையும். கடையில் ‘எஃப்.ஏ.டி. (நிஜமாக வெளியே வரும் காற்று) எவ்வளவு?’ என்று கேளுங்கள். பெரிய டேங்க் மாட்டினால் தீர்ந்துவிடும் என்பார்கள். தீராது, இன்னும் அரை டோர் கூடுதலாக அடிக்கலாம், அவ்வளவுதான்.

முழு வண்டி அடிப்பதாக இருந்தால் 5 எச்.பி.க்குப் போங்கள். டோர், பம்பர், ஃபென்டர் என்று துண்டு வேலைதான் என்றால் 5 முதல் 7 கன அடியில் ஓடும் எல்.வி.எல்.பி. (குறைந்த காற்று, குறைந்த அழுத்தம்) கன் போதும். அடியில் டப்பா தொங்கும் பழைய சக்ஷன் கன்னுக்குத் திரும்புவதை நாங்கள் சொல்லமாட்டோம். அதில் பெயின்டின் பெரும்பங்கு வண்டியில் ஒட்டாமல் புகையாகப் போகிறது. காசும் போச்சு, அந்தப் புகையைச் சுவாசிப்பதும் நீங்கள்தான்.

ஹோஸையும் பாருங்கள். 6 மி.மீ. ஹோஸ் பத்து மீட்டர் ஓடினால் அழுத்தம் பாதி வழியிலேயே செத்துவிடும். உள்விட்டம் 10 மி.மீ. வேண்டும். காற்றழுத்த ரெகுலேட்டரை, டிரிக்கரை இழுத்துப் பிடித்தபடியே செட் செய்யுங்கள். முனைத் துளை, நிறம் தரும் பேஸ் கோட்டுக்கும் கிளியருக்கும் 1.3 அல்லது 1.4 மி.மீ., அடிப்பூச்சான பிரைமருக்கு 1.7 அல்லது 1.8 மி.மீ. கன்னுக்கும் தகட்டுக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் மேல் பாதி ஏற வேண்டும்.

பையன் கர்ச்சீப்பைக் கட்டீட்டு அடிக்கறான். என்-95 மாஸ்க் வாங்கிக் கொடுத்தாப் போதுங்களா?
– வாசகர், திருச்செங்கோடு

போதாது. என்-95 தூசிக்கானது, பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) தேய்க்கும்போது போடட்டும். தின்னர் ஆவி அதில் நேராக உள்ளே போகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஹார்டனரில் இருக்கிறது. டூ-கே (இரண்டு பொருளைக் கலந்து அடிக்கும்) கிளியரிலும் பிரைமரிலும் பூச்சு இறுகக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. தின்னர் மூக்கைத் துளைக்கும், ஆள் விலகிக்கொள்வான். ஐசோசயனேட் கெடுதல் செய்யும் அளவில்கூட வாசம் காட்டாது. ‘வாசமே வரலீங்க, மாஸ்க் நல்லா வேலை செய்யுது’ என்பதை நம்ப முடியாது. உடம்பு ஒருமுறை இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் மூச்சு இழுக்கும்; அந்த ஆள் ஸ்பிரே வேலைக்கே திரும்ப முடியாமல் போகலாம். ராத்திரியில் இருமல், நெஞ்சு இறுக்கம், ஞாயிறு லீவில் குறைந்து வேலைக்கு வந்ததும் மறுபடி என்று இருந்தால் சளி என்று விடாதீர்கள். நுரையீரல் டாக்டரிடம் காட்டி, ஹார்டனரில் வேலை செய்வதையும் சொல்லுங்கள்.

தினமும் கிளியர் அடிக்கும் பட்டறைக்கு வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் மாஸ்க்தான் சரி. ஆனால் பட்டறைக் கம்ப்ரசரிலிருந்து அப்படியே இணைக்கக் கூடாது: ஆயில் கம்ப்ரசர் சூடேறினால் கார்பன் மோனாக்ஸைடு வரலாம். சுவாசக் காற்றுக்கென்றே உள்ள ஃபில்டரும், மோனாக்ஸைடு அலாரமும் வேண்டும். இல்லையென்றால் ஆயில் இல்லாத தனி பம்ப்பை, ஜெனரேட்டர் புகை வராத பக்கம், வெளியே வையுங்கள்.

எப்போதாவது ஒரு பேனல் அடிப்பவர்கள் குறைந்தபட்சம் ஏ2-பி3 கார்ட்ரிட்ஜ் போட்ட ரப்பர் மாஸ்க் வாங்குங்கள். ஆவிக்கு பிரவுன் (ஏ2), தூசிக்கு வெள்ளை (பி3) என்று இரண்டு பட்டையும் அதில் இருக்கும். போட்டதும் இரண்டு கார்ட்ரிட்ஜையும் உள்ளங்கையால் பொத்தி மூச்சை இழுத்துப் பாருங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி, பத்து விநாடி அப்படியே நிற்க வேண்டும். தாடி இருந்தால் நிற்காது, மழித்தே ஆக வேண்டும். சீல் பிரித்த கார்ட்ரிட்ஜை ஆணியில் தொங்கவிட்டால் சும்மா இருக்கும்போதும் ஆவியைக் குடித்துத் தீரும். மூடி இறுகும் டப்பாவில் போடுங்கள். கன் கழுவி முடியும் வரை மாஸ்க் முகத்திலேயே இருக்கட்டும்.

கைக்கு நைட்ரைல் கிளவுஸ், கண்ணுக்கு மூடிய கண்ணாடி, முழுக்கை உடுப்பு. ஹார்டனர் தோல் வழியாகவும் கெடுக்கும். வேலை முடிந்து தின்னரில் கை கழுவுகிற பழக்கத்தை விடச் சொல்லுங்கள்.

கிளியர் அடிச்சதும் அங்கங்கே மீன் கண்ணாட்டம் குழி விழுகுது. வாட்டர் செப்பரேட்டர் மாத்தியும் நிக்கல.
– வாசகர், அவிநாசி

துடைக்கும் துணியைப் பாருங்கள். நம் பக்கம் எல்லாப் பட்டறையிலும் பனியன் வேஸ்ட்தான். பின்னல் துணிக்கு வழுவழுப்பு வர சாயப்பட்டறையில் சிலிக்கான் சாஃப்ட்னர் போடுவது வழக்கம். அதே துணியால் தகட்டைத் துடைத்தால் சிலிக்கான் படிந்து, பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகும். பஞ்சு உதிராத வைப்பிங் துணி இரண்டு எடுத்து, ஒன்றில் வேக்ஸ் ரிமூவர் தொட்டு, அது காயுமுன் மற்றதால் துடைத்தெடுங்கள். டயர் பாலிஷ், டேஷ்போர்டு ஸ்பிரே எதையும் அந்தக் கொட்டகைக்குள் அடிக்க வேண்டாம்.

அதற்கும் நிற்காவிட்டால் காற்றைச் சோதியுங்கள். கன்னில் பெயின்ட் ஊற்றாமல், துடைத்த முகக்கண்ணாடி மேல் அரை நிமிடம் வெறும் காற்றை அடியுங்கள். பொட்டுப்பொட்டாகத் தண்ணீரோ எண்ணெய்ப் படலமோ தெரிந்தால் கம்ப்ரசர் பக்கம்தான் கோளாறு. செப்பரேட்டரைக் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டினால் பலனில்லை. காற்று சூடாக இருக்கும்போது தண்ணீர் பிரியாது. ஏழெட்டு மீட்டர் பைப்பில் ஆறிய பிறகு மாட்டுங்கள். டேங்க் வால்வைத் தினமும் திறந்து தண்ணீரை விடுங்கள்.

ஆடிக் காத்துல தூசி தாங்க முடியலீங்க. கொட்டகையை மூடி ஃபேன் போட்டுக்கலாமுங்களா?
– வாசகர், பல்லடம்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக அடிக்கிற ஊர் உங்களுடையது, சங்கடம் புரிகிறது. ஆனால் முழுக்க மூடினால் ஆவி தேங்கும், தீப்பிடிக்கும். காற்று வருகிற பக்கம் அகலமாக வழிவிட்டு அங்கே ஃபில்டர் ஷீட் கட்டுங்கள். எதிர்ப்பக்கம் தரையை ஒட்டி எக்ஸாஸ்ட் வையுங்கள்; தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், கீழேதான் படுக்கும். சாதாரண ஃபேன் மோட்டார் அந்த ஆவியின் நடுவே சுழலக் கூடாது. மோட்டார் வெளியே இருந்து பெல்ட்டில் ஓடுகிற ஃபேன், அல்லது தீப்பொறி பாதுகாப்புள்ள மோட்டார் வாங்குங்கள். சுவிட்சும் வெளியே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை சூடம் காட்டுவதாக இருந்தால் தின்னர் டின்னைத் திறக்குமுன் காட்டி, அணைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். காற்று எழும்புமுன் காலையிலேயே கிளியரை முடித்துவிடலாம். தகட்டில் பனி ஈரம் மட்டும் இருக்கக் கூடாது. தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள்.