சிஸ்டர் பதில்கள்: எடை ஏறினால் மாத்திரையும் ஏறும்

குழந்தைகள் தொற்றுநோய் வெளிநோயாளர் பிரிவில் நர்ஸாகவும் சிகிச்சை ஒருங்கிணைப்பாளராகவும் வேலை பார்ப்பவர், வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் 3 வயது மகளுக்கு டிபி மருந்து ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. இருமல் நின்றுவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறாள். போன தடவை நர்ஸ் எடை பார்த்தார், டாக்டர் 2 மாத்திரையை 3 ஆக்கிவிட்டார். குணமாகும்போது எதற்கு மருந்தைக் கூட்ட வேண்டும்? சிறுநீர் வேறு ஆரஞ்சு நிறத்தில் போகிறது. போதும், நிறுத்திவிடலாம் என்கிறார் மாமியார்.

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இந்தப் பதிலை மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள். பேத்தி மேல் உள்ள அக்கறையில்தான் அவர் சொல்கிறார்.

உங்கள் மகள் தேறி வருவதால்தான் மாத்திரை கூடியிருக்கிறது. குழந்தைகளுக்கென்று வரும், தண்ணீரில் கரையும் டிபி கூட்டு மாத்திரையை எடையைப் பார்த்துத்தான் கொடுப்போம். 8 கிலோவிலிருந்து 12 கிலோவுக்குள் என்றால் 2 மாத்திரை. 12-ஐத் தொட்டால் 3, 16-ஐத் தொட்டால் 4. பசி திரும்பியதும் குழந்தைகள் மளமளவென்று எடை போடுவார்கள். பழைய 2 மாத்திரையிலேயே விட்டிருந்தால் வளர்ந்த உடம்புக்கு மருந்து போதாது. அப்படிக் குறைவாகவே போய்க்கொண்டிருந்தால் கிருமி முழுதாகச் சாகாது, மருந்தையே எதிர்த்து நிற்கவும் பழகிவிடும்.

அதனால்தான் நான் எடை மெஷினில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன். செருப்பு, கனமான மேல்சட்டை எல்லாவற்றையும் கழற்றச் சொல்வேன். கையில் பொம்மையோடு ஏறினால் அதை வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, முள் அசையாமல் நின்ற பிறகுதான் குறித்துக்கொள்வேன். 11.7 கிலோ குழந்தை அரைக் கிலோ பொம்மையோடு நின்றால் ஒரு மாத்திரை தவறாகக் கூடிவிடும்.

ஆரஞ்சு நிறம் ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம். கண்ணீரும் வியர்வையும்கூட அப்படி ஆகலாம், பயமில்லை. இருமல் நின்றபின் ஏன் மருந்து என்றால், டிபி கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. ஒன்று இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். சில கிருமிகள் அசையாமல் பதுங்கியும் கிடக்கும். அவற்றையும் ஒழிக்கத்தான் வழக்கமாக 6 மாதம் கொடுக்கிறோம். நோய் தீவிரமாக இல்லாத குழந்தைகளுக்கு 4 மாதமே போதும் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. உங்கள் மகளுக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர் சொல்வார்.

ஒன்றே ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். கண் மஞ்சளானால், அல்லது விடாமல் வாந்தியும் வயிற்றுவலியும் வந்தால், அடுத்த டோஸைக் கொடுக்காமல் அன்றைக்கே அழைத்து வாருங்கள். கல்லீரலைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் கைக்குழந்தைக்குப் பிறவியிலேயே சி.எம்.வி. (சைட்டோமெகலோ வைரஸ்) தொற்று. காது டாக்டர், கண் டாக்டர், தொற்றுநோய் டாக்டர் என்று எல்லோரையும் பார்க்கிறோம். இதற்கு மேல் நர்ஸ் வாராவாரம் போன் செய்து, கேட்டதையே கேட்கிறார். என் மனைவிக்கு எரிச்சலாக இருக்கிறது. டாக்டர்கள் பார்த்தால் போதாதா?

பதில்: அந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது, ஐயா. இராத்திரி முழுக்கக் கண்விழித்த தாயிடம் காலையில் போன் போட்டுக் கேள்வி கேட்பது எனக்கும் சங்கடம்தான். ஆனாலும் கேட்பேன்.

உங்கள் குழந்தையைப் போல வால்கன்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து சாப்பிடும் ஒரு குழந்தையின் ஃபைலில் என்ன இருக்கும் தெரியுமா? மருந்து 6 மாதம், தினம் இரண்டு வேளை. அது வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடியது. ஆகவே முதல் 6 வாரம் வாரம் ஒரு இரத்தப் பரிசோதனை, பிறகு இடைவெளி விட்டு. வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை 500-க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்தி வைப்போம். இரத்தம் எடுப்பது ஓரிடம், ரிப்போர்ட் வருவது இன்னோரிடம். வந்த ரிப்போர்ட்டை அன்றைக்கே ஒருவர் திறந்து பார்க்க வேண்டும், டாக்டரிடம் காட்ட வேண்டும், உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர்தான் உங்கள் நர்ஸ். காதுப் பரிசோதனையும் அப்படித்தான். பிறந்தபோது நன்றாகக் கேட்ட குழந்தைக்கும் சி.எம்.வி.யால் பின்னாளில் காது மந்தமாகலாம் என்பதால் பல வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தேதி தவறினால் காது டாக்டரின் பிரிவில் “வரவில்லை” என்று மட்டும் பதிவாகும். ஏன் வரவில்லை என்று கேட்டு, வேறு தேதி வாங்கித் தருவது எங்கள் வேலை.

கேட்ட கேள்வியையே கேட்பதற்கு வருகிறேன். “மருந்து கொடுத்தீர்களா?” என்றால் எல்லோரும் “கொடுத்தோம்” என்றுதான் சொல்வார்கள். அதனால் நான், “சிரிஞ்சில் எந்தக் கோடு வரை இழுக்கிறீர்கள்?” என்று கேட்பேன். முடிந்தால் வீடியோ காலில் காட்டச் சொல்வேன். 4.7 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 75 மில்லிகிராம். இந்த மருந்தில் அது 1.5 மில்லிலிட்டர். சீட்டில் இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், தூக்கக் கலக்கத்தில் மாறிப்போவது சுலபம். சரியான கோட்டில் கலர் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். எடை கூடும்போது கோடும் நகரும், அப்போது நான் மறுபடி கூப்பிடுவேன். கலந்த மருந்து ஃபிரிட்ஜில் 49 நாள்தான் தாங்கும். பாட்டிலில் தேதி எழுதிவிடுங்கள். மருந்து தோலில் படக்கூடாது, பட்டால் உடனே கழுவிவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் மருந்து ஊற்றும் வேலை அவருக்கு வேண்டாம்.

போனை மனைவிதான் எடுக்க வேண்டும் என்றில்லை. வாரம் ஒரு முறை நீங்கள் எடுங்கள்.

கேள்வி: குடித்த ஆன்டிபயாடிக்கைக் குழந்தை அப்படியே வாந்தி எடுத்துவிட்டால் மறுபடி கொடுக்கலாமா?

பதில்: அரை மணி நேரத்துக்குள் என்றால் பெரும்பாலான ஆன்டிபயாடிக்கை இன்னொரு முறை முழு டோஸாகக் கொடுக்கலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் கொடுக்காதீர்கள். திரும்பத் திரும்ப எடுத்தால் போன் செய்யுங்கள்.

கேள்வி: மகனுக்குச் சின்னம்மை மாதிரி கொப்புளம் வந்ததால் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். எல்லோரும் உட்கார்ந்திருந்த ஹாலுக்குள் விடாமல் பின்வாசல் வழியாக அனுப்பினார்கள். அவமானமாக இருந்தது.

பதில்: உங்களை அந்த வாசலில் நிறுத்தியவர் ஒரு வார்த்தை விளக்கியிருக்க வேண்டும். சின்னம்மையும் தட்டம்மையும் காற்றில் பரவும். தட்டம்மைக் குழந்தை எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்த அறையில் கிருமி மிதக்கலாம். எங்கள் ஹாலில் புற்றுநோய் மருந்து ஏறும் குழந்தையும், பிறந்து சில வாரமே ஆன குழந்தையும் உட்கார்ந்திருக்கும். சின்னம்மையோடு ஒரு பிள்ளை அங்கே அரை மணி இருந்துவிட்டால், அன்று வந்த எல்லோருடைய பட்டியலையும் எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் பேசி, யாருக்குப் பாதுகாப்பு ஊசி அவசரமாகப் போட வேண்டும் என்று பிரிக்க வேண்டும். அடுத்த முறை கொப்புளமோ சிவந்த தடிப்போ இருந்தால் கிளம்பும் முன்பே போன் செய்யுங்கள். வாசலிலேயே வந்து அழைத்துக்கொள்வோம்.

கேள்வி: என் பேரனுக்கு 9 வயது. பிறவியிலேயே ஹெச்.ஐ.வி. அவன் அம்மா, என் மகள், இப்போது இல்லை. தினமும் கொடுப்பது சத்து மாத்திரை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது, “நான்தான் நல்லா இருக்கேனே, எனக்கு எதுக்கு?” என்று துப்புகிறான். உண்மையைச் சொன்னால் தாங்குவானா, சிஸ்டர்?

பதில்: அம்மா, மகளைப் பறிகொடுத்த துக்கத்தோடு இந்தப் பிள்ளையை இவ்வளவு நாள் மருந்து தவறாமல் வளர்த்திருக்கிறீர்கள். அவன் நன்றாக இருப்பதற்கு நீங்கள்தான் காரணம்.

சொல்லிவிடலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அவர்களின் நிலையைச் சொல்ல வேண்டும் என்று 2011-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் வந்துவிட்டது. சொல்லாவிட்டாலும் பிள்ளைகள் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள். எங்கள் ஹாலில் ஒரு சிறுமி மருந்து டப்பாவின் லேபிளை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யாருக்கும் அவளுக்குப் படிக்கத் தெரியும் என்றே தோன்றவில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். முதலில் அவனிடம், “இந்த மாத்திரை எதுக்குன்னு நீ நினைக்கிறே?” என்று கேட்போம். அவன் மனதில் இருப்பது தெரிந்தால்தான் எங்கே தொடங்குவது என்று தெரியும். பிறகு, “உன் இரத்தத்தில் ஒரு வைரஸ் இருக்கு. மாத்திரை அதைத் தூங்க வைக்குது. மாத்திரையை விட்டா அது எழுந்திடும்.” பல பிள்ளைகளுக்கு அன்றைக்கு இதுவே போதும். நோயின் பெயர் அடுத்த வருகையிலோ அதற்கடுத்ததிலோ வரலாம். சேர்ந்து விளையாடினாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கட்டிப்பிடித்தாலும் இது யாருக்கும் ஒட்டாது என்பதைப் பெயரோடு சேர்த்தே சொல்ல வேண்டும். பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டிய அவசியமில்லை. யாரிடம் சொல்வது என்பதை அவனோடு உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம்.

ஒரு கேள்வி கண்டிப்பாக வரும்: “அம்மாவுக்கும் இதுதானா?” அதற்கு உங்கள் வாயால் பதில் வருவதுதான் அவனுக்கு நல்லது. அழுகை வந்தால் அழுங்கள், அவன் பார்க்கட்டும். அம்மா அவனுக்கு வேண்டுமென்று எதையும் கொடுக்கவில்லை, யார் மேலும் தப்பில்லை என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கிளினிக் நர்ஸிடம் இந்தக் கடிதத்தில் எழுதியதை அப்படியே சொல்லி, கூட்டம் இல்லாத நேரமாகக் கேட்டு வாங்குங்கள். பேரன் வரும் முன் நீங்கள் மட்டும் ஒரு முறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள். மாத்திரையைத் துப்புகிறான் என்பதை இன்றே போனில் சொல்லிவிடுங்கள். வைரஸ் அளவைப் பார்க்க இரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே வைக்க வேண்டியிருக்கும். அதுவரை “சத்து மாத்திரை” என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அவன் கேட்டால், “நல்ல கேள்விதான்யா, சிஸ்டர்கிட்ட ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் கேட்போம்” என்று சொல்லி, மாத்திரையைக் கையில் கொடுங்கள்.