நாலு விசில் எதற்கு? வீட்டுச் செலவு: கேள்வி – பதில்

கேள்வி: வீட்டில் மூன்றே பேர். சிலிண்டர் 32 நாளைத் தாண்டுவதில்லை. பக்கத்து வீட்டில் அதே சிலிண்டர் 50 நாள் வருகிறது. எடை குறைத்துக் கொடுக்கிறார்களோ?
– வாசகி, கரூர்

பதில்: முதலில் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வீட்டு சிலிண்டரில் இருக்க வேண்டியது 14.2 கிலோ கேஸ். காலி சிலிண்டரின் எடை, 15.3 கிலோ என்பதுபோல, அதன் மேல்பகுதியிலேயே எழுதியிருக்கும். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் நிரம்பிய சிலிண்டரின் எடை. கொண்டுவருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கூச்சப்படாதீர்கள்.

எடை சரியாக இருந்தால் கசிவைப் பாருங்கள். சோப்பு நுரையை ரெகுலேட்டர், டியூபின் இரண்டு முனைகள், அடுப்பின் திருகு ஆகியவற்றில் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது; அது வேண்டவே வேண்டாம். டியூபில் அச்சிட்ட தேதியிலிருந்து ஐந்து வருடம் ஆகிவிட்டால், நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கசிவும் இல்லையென்றால் கேஸ் போகும் வழி பெரும்பாலும் குக்கர்தான். விசில் என்பது பருப்பு வெந்ததற்கான கணக்கல்ல; உள்ளே ஆவி தேவைக்கு மேல் சேர்ந்து வெளியே போகிறது என்பதற்கு அடையாளம். முதல் விசில் வரும்போதே உள்ளே சுமார் 120 டிகிரி செல்சியஸ் இருக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு பெரிய தீ வைத்தாலும் சூடு கூடாது, ஆவிதான் வீணாகும். முதல் விசில் வந்ததும் அடுப்பைச் 'சிம்'மில் வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். அரை மணி நேரம் ஊறிய துவரம்பருப்புக்கு 6 முதல் 8 நிமிடம் போதும். அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கும்வரை திறக்காதீர்கள். கடைசி வேக்காடு அப்போதுதான் நடக்கிறது. ஆவி மூடியின் ஓரத்தில் கசிந்தால் கேஸ்கெட் தளர்ந்துவிட்டது என்று பொருள். புதிது வாங்கும்வரை, குக்கரை ஏற்றுவதற்கு முன் பழைய கேஸ்கெட்டை ஃப்ரீஸரில் பத்து நிமிடம் வைத்துப் போட்டால் ஒருநாள் இரண்டுநாள் சமாளிக்கலாம்.

ஊறவைத்தும் பருப்பு வேகவில்லையா? போர் தண்ணீராக இருக்கும். உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியம் பருப்பின் தோல், சதை இரண்டையும் இறுக்கிவிடும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் மட்டும் குடிதண்ணீர் ஊற்றிப் பாருங்கள். புளிக்கரைசலும் தக்காளியும் பருப்பு மசிந்த பிறகுதான் சேர வேண்டும். புளிப்பு முந்திக்கொண்டால் அரை மணி நேரம் கூட ஆகும்.

இன்னொன்று, தீயின் நிறம். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் கேஸ் முழுதாக எரியவில்லை. பித்தளை பர்னர் என்றால் கழற்றிப் புளித்தண்ணீரில் அரை மணி ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, துளைகளை ஊசியால் குத்தி, ஈரம் போகக் காயவைத்து மாட்டுங்கள். அடியிலிருக்கும் ஜெட்டை, அதாவது கேஸ் வரும் சின்னத் துளையை, மட்டும் ஊசியால் குத்தாதீர்கள். அந்தத் துளை கொஞ்சம் பெரிதானாலும் கேஸ் அளவுக்கு மீறி வரும். அதை மெக்கானிக் பார்க்கட்டும்.

கேள்வி: இரண்டு மாத கரண்ட் கணக்கு ஒருமுறை 480 யூனிட், ஒருமுறை 530. ஐந்து ஃபேனையும் கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு மாற்றிவிடலாமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: ஐந்தும் வேண்டாம்.

சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. சுமார் 30. மிச்சம் 45 வாட். தினம் 16 மணி நேரம் ஓடும் ஹால் ஃபேனில் இது 60 நாளுக்கு 43 யூனிட். விருந்தாளி வந்தால் மட்டும் போடும் அறையில், தினம் ஒரு மணி நேரம் என்று வைத்தாலும், இரண்டு மாதத்துக்கு மூன்று யூனிட்கூடத் தேறாது. அந்த ஃபேனுக்குக் கொடுத்த காசு அந்த ஃபேனின் ஆயுளுக்குள் திரும்பாது. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் மட்டும் மாற்றுங்கள். பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேரடியாக இணைக்க வேண்டும். இருந்தபடியே விட்டால் புது ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் கெடும்.

உங்கள் கணக்கில் 500 என்ற எல்லைதான் முக்கியம். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் அமலான அட்டவணைப்படி, 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுகளுக்கு விலை கூடுவதோடு நிற்காது; 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் போய்விடும். 498-க்கும் 503-க்கும் இடையே ஐந்து யூனிட்தான், பில்லில் வித்தியாசமோ அதைவிடப் பல மடங்கு. ஆகவே, ரீடிங் எடுத்த நாளிலிருந்து வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் குறியுங்கள். வாரத்துக்கு 58 யூனிட்டுக்கு மேல் போனால் 500 தாண்டப் போகிறீர்கள்.

எது இழுக்கிறது என்று தெரிய கருவி எதுவும் வாங்க வேண்டாம். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். பக்கத்தில் 3200 என்று எழுதியிருந்தால், அத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் போட்டு ஐந்து நிமிடம் எண்ணுங்கள். 75 வாட் ஃபேன் 20 முறை மின்னும், பி.எல்.டி.சி. 8 முறை. ஃப்ரிட்ஜை கம்ப்ரசர் ஓடும்போது எண்ண வேண்டும். எல்லாம் அணைத்த பிறகும் மின்னினால் முதலில் இன்வெர்ட்டரை நிறுத்திப் பாருங்கள். அப்போதும் நிற்கவில்லையா, வயரிங்கில் கசிவு இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்பதற்காகப் புதிது வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் கண்டன்சர் வலுவிழந்திருக்கும். அதன்மேல் 2.5 மைக்ரோஃபேரட் என்று போட்டிருந்தால் அதே அளவு வாங்கி மாற்றுங்கள். வேகம் கூடும் என்று பெரிய அளவு போட்டால் காயில் சூடேறும்.

கேள்வி: கடையில் 26 கிலோ அரிசி மூட்டை விற்கிறார்கள். 25-ஐ விட அது லாபமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அந்த வரம்பைத் தாண்டத்தான் 26 கிலோ மூட்டை முளைத்தது. வரி இல்லை என்பதற்காக விலை குறைவென்று ஆகாது. மூட்டை விலையை 26-ஆல் வகுத்துப் பாருங்கள். சமையல் எண்ணெயிலும் இதே கவனம் வேண்டும்: ஒரு லிட்டர் சுமார் 910 கிராம். பாக்கெட்டில் கிராம் எவ்வளவு என்று பார்க்காமல் விலையை ஒப்பிட முடியாது.

கேள்வி: மேல்தொட்டி ஒரே நாளில் காலியாகிறது. மோட்டார் தினம் இருமுறை ஓடுகிறது. குழாய் எதுவும் சொட்டவில்லை.
– வாசகர், ஈரோடு

பதில்: கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியைச் சந்தேகப்படுங்கள். துணிக்குப் போடும் சொட்டு நீலம் பத்துத் துளி அதில் விட்டு, இருபது நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் அடியிலுள்ள ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது. சத்தமில்லாமல் இரவு முழுக்க ஒழுகும். வாஷரை மாற்றுவது சின்னச் செலவு. வாஷரில் சுண்ணாம்புப் படிவு மட்டும் என்றால் கழற்றித் தேய்த்துப் போட்டாலே நிற்கும்.

கேள்வி: வாஷிங் மெஷினில் பவுடர் அதிகம் போட்டால் அழுக்கு நன்றாகப் போகுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: போகாது. நுரை மிகுந்தால் துணிகள் ஒன்றோடொன்று உரசுவதே குறையும். அலசத் தண்ணீரும் கூடுதலாகத் தேவைப்படும். துணி போடாமல், பவுடரும் போடாமல், ஒருமுறை வெறும் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். நுரை வந்தால் இத்தனை நாள் போட்டது அதிகம். அடுத்த முறை பாதி போட்டுப் பாருங்கள்.