பழைய மெர்சிடிஸுக்குச் செய்த ரிப்பேர் செலவு, விற்கும்போது ஏன் திரும்பி வருவதில்லை?

அமெரிக்கப் பழைய கார் சந்தையில் 'ஓட்டுவதற்கான கார்' என்று ஒரு ரகம் உண்டு. இன்ஜின் நன்றாக ஓடும். பெயின்டில் கீறலும் தோல் சீட்டில் வெடிப்பும் இருக்கும். கண்காட்சியில் நிறுத்த முடியாது, அவ்வளவுதான்.

1980களின் மெர்சிடிஸ் 380 எஸ்இஎல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக், சஸ்பென்ஷன், ஏசி என்று கொட்டிய பணம் விலையில் அப்படியே ஏறாது. வாங்குபவர் காரின் இன்றைய நிலைக்குத்தான் பணம் தருகிறார், உங்கள் பழைய செலவுக்கு அல்ல. அதோடு, அந்தத் தலைமுறை செடான்கள் 8 லட்சத்துக்கும் மேல் தயாராயின. இது படியாவிட்டால் அவருக்கு இன்னொன்று கிடைக்கும். வீடு விற்கும்போது "கூரை ஒழுகாது" என்று கூடுதல் விலை கேட்க முடியுமா? ஒழுகினால் குறைப்பார்கள்.

அதற்காக பில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் விற்ற 1981–83 மாடல்களில் டைமிங் செயின் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் சங்கிலி) ஒற்றை வரிசை. அறுந்தால் இன்ஜின் காலி. அதை இரட்டை வரிசைக்கு மாற்றிய ரசீது கையில் இருந்தால், என்னைக் கேட்டால், பாதி பேரம் முடிந்த மாதிரி.

அப்புறம், விற்கும் முன் ஒரு கோட் பெயின்ட் அடித்தால் விலை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். விவரம் தெரிந்தவர் புதுப் பெயின்டைப் பார்த்ததும் அடியில் துருவைத்தான் தேடுவார்.