செந்நாய்க்குப் பிறந்த சிப்பிப்பாறையா? நாய்க் குடும்பம்: கேள்வி பதில்

பதில் சொல்பவர்: மதுரைப் பக்கம் கால்நடை மருத்துவம் பார்த்து ஓய்வுபெற்றவர்.

திருமங்கலம் இளைஞர்: சார், சிப்பிப்பாறைக் குட்டி ஒண்ணு பார்க்கப் போனேன். "தாத்தா வழியில செந்நாய் ரத்தம் தம்பி, அதான் இந்த விலை"ன்னாரு விக்கிறவரு. நம்பலாமா?

ரத்தத்துக்குத் தனி விலையா, குட்டியோட சேர்த்தா? நம்பாதீங்க தம்பி. செந்நாய் நம் நாய்க்குத் தூரத்துச் சொந்தம்தான், பங்காளிகூடக் கிடையாது. பேரினமே வேறு. நாய்க்கு 42 பல், செந்நாய்க்கு 40. கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒரு கடைவாய்ப்பல் குறைவு. கூட்டம் சிதறினால் சீட்டியடித்துத்தான் ஒன்றையொன்று கூப்பிடும். இரண்டும் சேர்ந்து குட்டி போட்டதற்கு உறுதியான சான்று இதுவரை இல்லை. உலகத்திலேயே வளர்ந்த செந்நாய்கள் 2,500-க்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். இருக்கிற கொஞ்சமும் மேகமலை, ஆனைமலை மாதிரிக் காடுகளில் மான் துரத்திக்கொண்டிருக்கின்றன. சிப்பிப்பாறையின் ஒட்டிய வயிறும் இறங்கிய நெஞ்சும் நீண்ட காலும் செந்நாய் கொடுத்ததல்ல. வேகமாக ஓடி முயல் பிடிக்கிற நாயாகப் பார்த்துப் பார்த்து இணைசேர்த்த ஆட்கள் கொடுத்தது. அந்த முயல் வேட்டைக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை, அதையும் மறக்க வேண்டாம்.

அலங்காநல்லூர்: கழுதைப்புலி நாய்ச்சாதியா?

இல்லை. பார்க்கத்தான் நாய். வம்சத்தில் பூனை, கீரிப் பக்கம்.

சிம்மக்கல், ஒரு பாட்டி: ஆவணி மூலத் திருவிழாவுல நரியைப் பரியாக்கின லீலையைப் பார்த்துட்டு, "அது எந்த நரி, நாய்க்குச் சொந்தமா?"ன்னு பேரன் கேக்குறான் டாக்டரு.

கெட்டிக்காரப் பையன், அம்மா. நரி, குள்ளநரி என்ற பெயர்களை ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்வதால் விலங்கை வைத்தே சொல்கிறேன். நம் பக்கம் இருப்பது இரண்டு. ஒன்று எட்டு, பத்துக் கிலோ தேறும். அந்தி சாய்ந்ததும் கூட்டமாக ஊளையிடும். இது நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய உறவு. மூன்றுக்குமே குரோமோசோம் 78. இன்னொன்று மூன்று கிலோ அளவுதான், புசுபுசு வாலின் நுனி கறுத்திருக்கும். பொட்டலில் பல வாசல் வைத்து வளை தோண்டி, எலியும் கரையானும் தின்னும். இதற்குக் குரோமோசோம் குறைவு, நாயோடு இணைசேராது. ராத்திரியில் குதிரைகள் மறுபடி நரியாகி லாயத்தில் ஊளையிட்டன என்பதுதானே கதை? அப்படியானால் முதல் ஆள்தான். நாய்க்குச் சொந்தம் என்று பேரனிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

சோழவந்தான் ஆசிரியர்: ஓநாய் எப்படி நாயானது? யாராவது குட்டியைப் பிடித்து வந்து பழக்கினார்களா?

அப்படியும் சொல்கிறார்கள். எனக்குச் சரியாகப் படுவது, மனிதன் தங்கிய இடத்தில் எலும்பும் மிச்சமும் தேடி வந்தவற்றில் பயம் குறைந்தவை பக்கத்திலேயே தங்கிவிட்டன என்பதுதான். எந்த இடத்தில் நடந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் விவசாயம் தொடங்குவதற்கு வெகு முன்பே, 15,000 ஆண்டுக்குக் குறையாமல் நடந்துவிட்டது. இன்று காட்டில் இருக்கும் எந்த ஓநாயும் நேர்ப்பாட்டன் இல்லை. அந்தப் பழைய ஓநாய்க் கிளை அழிந்துபோனது.

ஜெர்மனியில் பான் நகரத்தை ஒட்டி 1914-இல் ஒரு புதைகுழி கிடைத்தது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. சுமார் 14,000 ஆண்டுப் பழமை. குட்டியின் பல்லைப் பார்த்தவர்கள் அதற்கு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் கண்டிருந்தது என்கிறார்கள். அந்த நோய் வந்த குட்டிகளைப் பார்த்தவன் சொல்கிறேன், பக்கத்திலிருந்து தண்ணீர் புகட்டித் துடைத்துவிட ஆள் இல்லாமல் அது வாரக்கணக்கில் பிழைத்திருக்க முடியாது. வேட்டைக்கும் உதவாத நோஞ்சான் குட்டியை எதற்காகப் பார்த்துக்கொண்டார்கள் என்பதை உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. 1959-இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் பெல்யாயெவ் என்ற விஞ்ஞானி ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்த்த நரிகளில் சாதுவானவற்றை மட்டும் இணைசேர்த்துக்கொண்டே போனார். நிறம், காது எதையும் பார்க்கவில்லை. சில தலைமுறையில் வாலாட்டும் நரிகள் வந்தன. தொங்கு காதும் வெள்ளைத் திட்டும் தானாகவே தலைகாட்டின.

மேலூர்: எங்க தெரு நாயை எல்லாரும் 'கலப்பு'ங்கிறாங்க. எதோட எது கலந்தது?

எதோடும் கலக்கத் தேவையில்லாதது அது. கூர்ங்காது, சுருட்டு வால், குட்டை ரோமம், செவலை நிறம், பதினைந்து இருபது கிலோ. இந்தியாவுக்கு எந்தச் சாதி நாயும் கப்பல் ஏறி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இங்கே இருந்த உருவம் இதுதான். உலகத்து நாய்களில் மிகப் பெரும்பகுதி இப்படி மனிதன் இணைசேர்க்காமல் தானே பெருகியவை. நாம் படத்தில் பார்க்கும் சாதிகளில் பெரும்பாலானவற்றுக்கு வயது இருநூறைத் தாண்டாது. நாய்ச்சாதிகளைப் பதிவு செய்யும் லண்டன் கென்னல் கிளப்பே 1873-இல்தான் தொடங்கியது. ஒரு வம்சாவளியை மூடி, உள்ளுக்குள்ளேயே இணைசேர்த்து, மூக்கைச் சப்பையாக்கி, காலைக் குட்டையாக்கி எடுத்தார்கள். மூச்சு வாங்கும் 'பக்' சாதி நாயைப் பார்த்துவிட்டு உங்கள் தெரு நாயைக் 'கலப்பு' என்பவரைச் சித்திரை வெயிலில் இரண்டையும் நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நகரத்துத் தெருக்களில் சாதி நாயின் ரத்தம் கொஞ்சம் சேர்ந்திருக்கும், மறுக்கவில்லை. அடிமரம் நாட்டு நாய்தான்.

தல்லாகுளம், கல்லூரி மாணவி: பழங்காலத்தில் நாய்க்குப் பெயர் வைத்தார்களா ஐயா?

வைத்தார்கள், கல்லிலும் வெட்டினார்கள் தாயி. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டு. வீரனுக்குப் பக்கத்திலேயே நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதாக எழுத்தே இருக்கிறது.

உத்தமபாளையம்: கோம்பை வச்சிருக்கேன் சார். காட்டு ரத்தம், கறி மட்டும்தான் போடணும்கிறாங்க.

கோம்பை ஊரே உங்களுக்குப் பக்கத்தில்தானே, அங்கே பெரியவர்களைக் கேளுங்கள், கேப்பைக்களி போட்ட கதை சொல்வார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல பிரதிகள் அதிகம். நம்மோடு சோறு தின்று தின்று வந்த மாற்றம் அது. சோறும் கறியும் முட்டையும் கலந்து போடுங்கள், வெங்காயம் மட்டும் வேண்டாம்.

புதுமண்டபம் பக்கம் கடை வைத்திருப்பவர்: நரிக்கொம்பு வீட்ல இருந்தா யோகமாமே?

விற்றவருக்கு யோகம். நரிக்குக் கொம்பே கிடையாது. தோலையும் மயிரையும் ஒட்டிச் செய்வது. அதற்காக நிஜமாகவே நரியைக் கொன்றிருந்தால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

விருதுநகர் அன்பர்: ராஜபாளையம் குட்டி, சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு. கூப்பிட்டா திரும்பல. திமிரா, காது கேக்கலையா?

பெரும்பாலும் காது. நிறமி செல்கள் தோலுக்கு மட்டும் இல்லை, உள்காதுக்கும் தேவை. அவை அங்கே இல்லாவிட்டால் பிறந்த சில வாரத்திலேயே கேட்கும் செல்கள் செத்துப்போகும். டால்மேஷியனுக்கும் இதே கதைதான். துளிப் புள்ளியும் இல்லாத வெள்ளைதான் அசல் என்று கேட்டு வாங்குகிறோம், அதனால் வளர்ப்பவரும் அதையே தேர்ந்து இணைசேர்க்கிறார். குற்றத்தில் பாதி வாங்குகிற நம்முடையது.

சோதிக்க ஒரு வழி. குட்டி தனியாகத் தூங்கும்போது, அதன் கண்ணில் படாமல், தரையும் அதிராமல் சாவிக்கொத்தை ஆட்டுங்கள். கை தட்டினால் காற்று பட்டே விழித்துவிடும், மற்ற குட்டிகள் கூட இருந்தால் அவற்றைப் பார்த்தும் எழும். எழுந்தாலும் சத்தம் வந்த திசை தெரியாமல் தடுமாறினால் ஒரு காது மட்டும் போயிருக்கலாம். அதை உறுதிசெய்ய மூளையின் மின்னலையைப் பதிவு செய்யும் பரிசோதனைதான் வேண்டும், கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். கேட்காத நாயைக் கைச்சாடையில் நன்றாகவே பழக்கலாம். சங்கிலி இல்லாமல் ரோட்டுக்கு விடாதீர்கள், இணைசேர்க்கவும் விடாதீர்கள்.